திருப்பி அடிக்காத எதிரி

துரியோதனனிடம் ஒரு பீமன் இருந்தான். இரும்பில் வார்த்த பீமன்.

பாண்டவர்கள் வனவாசத்திலும் அஞ்ஞாதவாசத்திலும் இருந்த 13 வருடமும், அந்தச் சிலையைக் கதாயுதத்தால் அடித்து அடித்துப் பழகினான் துரியோதனன் என்கிறது மகாபாரதம். இன்றைய பாஷையில் சொன்னால், அதுதான் அவனுடைய பஞ்சிங் பேக்.

பயிற்சி வீண் போகவில்லை. கடைசிச் சண்டை தொடங்கும்போது, 'பலத்தில் பீமன் மேல், வித்தையில் துரியோதனன் மேல்' என்று கிருஷ்ணரே ஒப்புக்கொள்கிறார். நேர் வழியில் மோதினால் பீமன் ஜெயிப்பது கஷ்டம் என்றும் சொல்லிவிடுகிறார். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தொடையில் விழுந்தது அடி. இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது கதாயுத்த தர்மம். இன்றைய பாக்ஸிங்கிலும் அதே விதிதான்.

பீமன் செய்தது சரியா, தப்பா? அந்தப் பட்டிமன்றம் வேறு. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். சூதாட்ட சபையில் திரௌபதியிடம் தொடையைக் காட்டினான் துரியோதனன். 'அந்தத் தொடையை உடைப்பேன்' என்று சபதம் போட்டான் நிஜ பீமன். இரும்பு பீமன் எந்தச் சபதமும் போடவில்லை. அதற்கு அவமானம் தெரியாது, ஞாபகம் கிடையாது. எத்தனை அடி வாங்கினாலும் நின்ற இடத்தில் நின்றது. 13 வருடம் அதையே அடித்துக்கொண்டிருந்தவனுக்கு, எதிரி என்றால் ஞாபகம் உள்ள ஓர் ஆள் என்பதே மறந்துபோயிருக்கும்!

கதை அதோடு முடியவில்லை. யுத்தம் முடிந்து, நூறு பிள்ளைகளையும் இழந்த திருதராஷ்டிரன், 'பீமனை வரச் சொல், கட்டித் தழுவ வேண்டும்' என்கிறான். அவன் மனசைப் புரிந்துகொண்ட கிருஷ்ணர், அதே இரும்புச் சிலையை நகர்த்தி வைக்கிறார். கண் தெரியாத கிழவன் அதை இறுக்கி நொறுக்குகிறான்.

ஒரே சிலை. மகன் அதை வித்தை பழக வைத்துக்கொண்டான். அப்பா அதில் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டான்.

இன்றைக்கும் பஞ்சிங் பேக்கை இந்த இரண்டு காரணத்துக்காகத்தான் வாங்குகிறோம். முதல் கோஷ்டி, பாக்ஸிங் கற்றுக்கொள்பவர்கள். இரண்டாவது கோஷ்டிதான் இப்போது பெருகிவிட்டது. ஆபீஸில் டென்ஷன், வீட்டில் டென்ஷன், டிராஃபிக்கில் டென்ஷன்... 'கோபத்தை உள்ளே வெச்சுக்காதீங்க, ஒரு பேக் வாங்கி மாட்டி நாலு குத்து குத்துங்க, மனசு லேசாயிடும்' என்று ஆலோசனை சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ஹைதராபாத், பெங்களூரு மாதிரி நகரங்களில், காசு கொடுத்தால் பழைய டி.வி-யையும் பாட்டில்களையும் போட்டு உடைத்துவிட்டு வர, 'ரேஜ் ரூம்' என்று தனி அறையே வந்துவிட்டது.

இந்த ஆலோசனைக்குப் பின்னால் இருப்பது பிரஷர் குக்கர் தத்துவம். மனசு ஒரு குக்கர். கோபம் அதற்குள் சேரும் ஆவி. வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாவிட்டால் வெடித்துவிடும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஃபிராய்டு காலத்திலிருந்தே இந்த எண்ணம் நம்மோடு இருக்கிறது.

ஆனால், மனசு குக்கர் இல்லை போலிருக்கிறது.

2002-ல் அமெரிக்காவின் பிராட் புஷ்மன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். 600 கல்லூரி மாணவர்கள். ஆண்கள் பாதி, பெண்கள் பாதி. எல்லோரையும் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'நான் படித்ததிலேயே படுமோசமான கட்டுரைகளில் இது ஒன்று' என்ற ரீதியில் ஒரு குறிப்போடு அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு மாணவர் திருத்தியதாகச் சொல்லி வைத்தார்கள். கோபம் வராதா? வந்தது.

அப்புறம் மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். முதல் கோஷ்டிக்கு பஞ்சிங் பேக்கைக் கொடுத்து, 'உன் கட்டுரையைத் திட்டியவனை நினைத்துக்கொண்டு குத்து' என்றார்கள். இரண்டாவது கோஷ்டியிடம், 'உடம்பு உறுதியாவதை நினைத்துக்கொண்டு குத்து' என்றார்கள். மூன்றாவது கோஷ்டிக்கு பேக்கே கிடையாது. இரண்டு நிமிடம் சும்மா உட்கார வைத்தார்கள். கடைசியில், திட்டிய ஆளின் காதில் பெருஞ்சத்தத்தைப் பாய்ச்சிப் பழிவாங்க எல்லோருக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார்கள்.

யார் அதிகமாகப் பழிவாங்கியது? திட்டியவனை நினைத்துக் குத்தியவர்கள்தான். கோபமும் அவர்களுக்குத்தான் அதிகம். உடற்பயிற்சியை நினைத்துக் குத்தியவர்கள் அடுத்தபடி. மூன்று கோஷ்டியிலும் சாந்தமாக நடந்துகொண்டவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்!

2024-ல் புஷ்மனும் சோஃபி ஷெர்விக் என்ற ஆய்வாளரும் சேர்ந்து, இது சம்பந்தமாக வந்திருந்த 154 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 10,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வுகள். விடை மாறவில்லை. மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா என்று உடம்பின் படபடப்பை இறக்கும் காரியங்கள் கோபத்தைக் குறைத்தன. படபடப்பை ஏற்றும் காரியங்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை. காரணம் சிக்கலானது இல்லை. ஆத்திரத்தோடு குத்தும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது. கோபம் வந்தாலும் உடம்பு இதையேதானே செய்யும்? அடுப்பை அணைக்கிறோம் என்று நினைத்து ஊதிவிடுகிறோம்.

'அப்ப திருதராஷ்டிரனுக்கு மட்டும் கோபம் தணிஞ்சுதே?' என்று கேட்பீர்கள். தணிந்தது உண்மை. ஆனால், எப்படி? சிலையை நொறுக்கியதில் அவன் மார்பும் நசுங்கி வாயில் ரத்தம் வந்தது. கீழே விழுந்தவன், 'ஐயோ பீமா' என்று அழுதான். நிஜ பீமனையே கொன்றுவிட்டதாக நினைத்தான். அவனைத் தணித்தது நொறுக்கிய திருப்தி இல்லை... 'இப்படிச் செய்துவிட்டேனே' என்ற துக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. பஞ்சிங் பேக்கை அடித்துவிட்டு 'ஐயோ' என்று யாராவது அழுதிருக்கிறார்களா?

அப்படியானால் பஞ்சிங் பேக் கெட்ட சாமானா? இல்லை. ராஜபாளையம் போயிருந்தபோது அதற்கு ஒரு பதில் கிடைத்தது.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். ஓடையும் காடுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். அங்கே போகிற வழியில், ஒரு மாந்தோப்பில் டப்... டப்... என்று சத்தம். கிளையில் ஒரு சாக்கு மூட்டை தொங்குகிறது. காலேஜ் போகிற வயசில் ஒரு பையன் அதை வெறித்தனமாகக் குத்திக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ராணுவத்தில் பாக்ஸிங் பழகி ரிட்டையர் ஆன ஒரு பெரியவர்.

"மண்ணா இருக்குது உள்ளே?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"மண்ணு போட்டா அடியில எறங்கி கல்லு மாதிரி ஆயிரும் சார். கை போயிரும். இது பூரா மில்லு வேஸ்ட்டு, கிழிஞ்ச துணி" என்றார். பஞ்சாலை ஊரில் அதற்கா பஞ்சம்!

அதற்குள் பையன் பலமாக ஒன்று விட, மூட்டை எகிறிப் போய்த் திரும்பி வந்தது. பையன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தன் அடியைத் தானே ரசித்துக்கொண்டு நின்றான். பெரியவர் சும்மா விடவில்லை. கையிலிருந்த துண்டைச் சுருட்டி அவன் கன்னத்தில் பட்டென்று ஒரு தட்டு.

"என்ன மாஸ்டர்?"

"இந்நேரம் ஒனக்குப் பல்லு போயிருக்கும்டா தம்பி. அடிச்ச கை எங்க? கீழ கெடக்கு. போன வேகத்துல தாடைக்குத் திரும்பி வரணும்னு எத்தன தடவ சொல்றது?"

"மூட்டைதான மாஸ்டர்... அது என்ன செய்யப் போகுது?"

"அது ஒண்ணும் செய்யாது. அதனாலதான் சொல்றேன். திருப்பி அடிக்காததை, திருப்பி அடிக்கும்னு நெனச்சுக்கிட்டே அடிக்கப் பழகணும். இல்லாட்டி நீ மூட்டையை மட்டும்தான் ஜெயிப்ப."

பாக்ஸிங் பயிற்சியின் சாரமே அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கனமான பேக்கில் பயிற்சி செய்வதற்கு எழுதப்பட்ட விதிகள் எல்லாமே அதன் விளக்கங்கள்தான். ஒரு கை குத்தப் போனால் மறு கை தாடையைக் காக்க வேண்டும். குத்தி முடித்தவுடன் நின்ற இடத்தில் நிற்காதே, நகர்ந்துவிடு. பேக் ஊசலாடி வந்தால் தள்ளாதே, ஆள் வருவதாக நினைத்து விலகு. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விடு. மூன்று நிமிடம் ஒரு ரவுண்டு, ஒரு நிமிடம் ஓய்வு. ஆத்திரம் இருக்கிற வரைக்கும் அடி என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வதில்லை. மணி அடித்தால் நிறுத்து என்றுதான் சொல்கிறார்கள்.

மீறினால் கையே தண்டனை கொடுத்துவிடும். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கைக்குள் இருக்கும் எலும்பு முறிவதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்'. பேர்தான் பாக்ஸர். இதோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர், ஆத்திரத்தில் சுவரையும் கதவையும் குத்தியவர்கள். பழகிய பாக்ஸருக்கு முதல் இரண்டு விரல் முட்டிகளால் நேராக இறக்கத் தெரியும். கோபக்காரனின் கை சுழன்று போய்ச் சுண்டுவிரல் பக்கமாக மோதும்.

பையையே ஜெயித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சரித்திரச் சம்பவமே இருக்கிறது. 1974 அக்டோபர் 30. ஆப்பிரிக்காவில், அன்று ஜயர் என்று அழைக்கப்பட்ட நாட்டின் கின்ஷாசா நகரம். உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேன், 25 வயது. அதுவரை 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக்-அவுட். அவர் குத்திய கனத்த பேக்கில் பள்ளம் விழுந்ததை, பார்த்தவர்கள் பயத்தோடு எழுதியிருக்கிறார்கள். எதிரே 32 வயது முகமது அலி. அலி உயிரோடு திரும்பினால் போதும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அலி என்ன செய்தார்? ரிங்கின் கயிற்றில் போய்ச் சாய்ந்துகொண்டார். கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, 'அடி' என்று நின்றார். அதாவது, தானே ஒரு பஞ்சிங் பேக் ஆகிவிட்டார்! ஃபோர்மேன் அடித்தார்... அடித்தார்... அடித்துக்கொண்டே இருந்தார். பேக் ஆடியது, விழவில்லை. இடையிடையே வாய் பேசியது. திடீர் திடீரென்று திருப்பி அடித்தது. எட்டாவது ரவுண்டில், கை ஓய்ந்து நின்ற ஃபோர்மேனை அலி கீழே சாய்த்தார்.

அதே அலி 1980-ல் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டியில் கையுறை மாட்டியபோது கூட்டம் அலைமோதியது. மோதாமல் என்ன செய்யும்? சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக்கே குலம் கோத்திரம் வைத்திருந்த ஊர் வட சென்னை. 2021-ல் பா.ரஞ்சித்தின் படம் வந்த பிறகு அந்தப் பெயர் உலகத்துக்கே தெரிந்தது. 'பரம்பரை' என்ற வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடிக்கக் கற்றவன், தன் வாத்தியாருக்கும் அவருடைய வாத்தியாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று அர்த்தம். கைக்குப் பலம் வரும்போதே, அதைத் தட்டிக் கேட்க ஓர் ஆளும் கூடவே வந்துவிடுகிறார்.

சரி, ரிங்கில் ஏறாத நமக்கு இதெல்லாம் எதற்கு?

நம் எல்லோரிடமும் பஞ்சிங் பேக் இருக்கிறது சார். கூரையில் தொங்குவதில்லை, அவ்வளவுதான். நடமாடிக்கொண்டிருக்கிறது.

நான் படித்தது பி.காம். அங்கே முதலில் சொல்லித்தருவது, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. கோபத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. மேனேஜர் அதிகாரியைத் திட்டுகிறார். அதிகாரி கிளார்க்கிடம் எரிந்து விழுகிறார். கிளார்க் வீட்டுக்கு வந்து, சாம்பாரில் உப்பு இல்லை என்று மனைவியிடம் பாய்கிறார். மனைவி, ஹோம்வொர்க் எழுதாத பிள்ளையின் முதுகில் ஒன்று வைக்கிறாள். பிள்ளை நாய்க்குட்டியை எட்டி உதைக்கிறது. கோபம் எங்கேயும் செலவாகவில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பெயர் மாற்றி எழுதப்படுகிறது. ஒவ்வொரு பெயர் மாற்றமும் மேலேயிருந்து கீழே... திருப்பி அடிக்க முடிந்தவரிடமிருந்து, திருப்பி அடிக்க முடியாதவரை நோக்கி.

விளையாட்டாகச் சொல்லவில்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர், கணவனின் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் கணவன்மார்களில் எத்தனை பேர் போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் கை ஓங்கியிருப்பார்கள்? 'கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது' என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்குக் கண்ணும் நன்றாகத் தெரிகிறது, மண்ணும் நன்றாகத் தெரிகிறது. எங்கே அடித்தால் திருப்பி விழாது என்று பார்த்துத்தான் அடிக்கிறார்கள்.

வள்ளுவருக்கு இது தெரியும். வெகுளாமை அதிகாரத்தை அவர் ஆரம்பிப்பதே இங்கேதான். தன் கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதை அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்கியவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார். முதலாளி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதற்குப் பெயர் பொறுமை இல்லை. அது பயம். வீட்டில், பிள்ளை முன்னால் பல்லைக் கடித்துக்கொள்வதுதான் பொறுமை. அருளுடைமையில் இன்னும் ஒரு படி போகிறார். உன்னைவிட மெலிந்தவன் மேல் பாய நினைக்கும்போது, உன்னைவிட வலியவன் முன்னால் நீ எப்படி நிற்பாய் என்பதை நினைத்துக்கொள் என்கிறார். மாந்தோப்பு மாஸ்டர் சொன்னது அப்படியே இல்லையா? திருப்பி அடிக்காததை, திருப்பி அடிக்கும் என்று நினை!

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். 'கோபப்படவே கூடாதா? அநியாயம் நடக்கும்போதுமா?' சம்பளத்தைப் பிடித்துவைக்கும் முதலாளி மேல் வரும் கோபத்தையும், அடிக்கிற புருஷன் மேல் வரும் கோபத்தையும் மூச்சை இழுத்துவிட்டு ஆற்றிக்கொள்ளச் சொன்னால், அது உபதேசம் இல்லை. துரோகம். அந்தக் கோபத்துக்கு ஒரு விலாசம் இருக்கிறது. அது அந்த விலாசத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். புகாராக, கேள்வியாக, வழக்காக, 'இனிமேல் முடியாது' என்ற ஒரு வார்த்தையாக.

பஞ்சிங் பேக் வைத்தியத்தில் எனக்கு இருக்கும் இரண்டாவது சந்தேகமும் இதுதான். ரேஜ் ரூமில் நாலு பாட்டிலை உடைத்துவிட்டு, மறுநாள் அதே அநியாயத்துக்கு 'குட் மார்னிங் சார்' சொல்லப் போனால், லாபம் யாருக்கு? போகவேண்டிய கடுதாசியை நாமே கிழித்துப் போட்ட மாதிரி. மூச்சை ஆற்றிக்கொள்வது கோபத்தை மறப்பதற்கு இல்லை, கை நடுங்காமல் விலாசம் எழுதுவதற்கு.

ஆனால், வித்தை கற்பதற்காக ஒரு பெண் அதே பேக்கின் முன்னால் நிற்கும்போது சங்கதியே வேறு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டைக்கு முதன்முதலாக இடம் கொடுத்தார்கள். அந்த முதல் வாய்ப்பிலேயே வெண்கலம் வாங்கினார், மணிப்பூரின் மேரி கோம். அப்போது அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்! நாளெல்லாம் மற்றவர்களின் பஞ்சிங் பேக்காக இருந்து பழகியவர்களுக்கு, தன் கைக்கும் பலம் உண்டு என்று தெரிவது பெரிய விஷயம். அவர்கள் யாரையும் அடிக்க வேண்டியதில்லை. அடிக்க முடியும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தாலே, பாதிக் கை தானாக இறங்கிவிடும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்வதற்குப் பேர்போன ஊர். காயத்துக்குக் கட்டுகிற துணி அது. பாக்ஸரும் கையுறை மாட்டும் முன்பு, விரல்களையும் மணிக்கட்டையும் சுற்றித் துணிக்கட்டுப் போட்டுக்கொள்கிறார். காயம் படுவதற்கு முன்பே கட்டு! அடித்தால் தனக்கும் வலிக்கும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தக் கை ஓங்கப்படுகிறது. கோபத்தில் கை ஓங்குகிற யாராவது, முதலில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்களா? அந்தக் கட்டுப் போடுகிற ஐந்து நிமிடம் கிடைத்தாலே, பாதிப் பேர் ஓங்கிய கையை இறக்கிவிடுவார்கள்.

அய்யனார் கோவிலில் குடியிருப்பவர் பெயர், நீர் காத்த அய்யனார். நம் ஊர்களில் அய்யனார் என்றால் குதிரை, காவல், பக்கத்தில் அரிவாளோடு கருப்பசாமி. பார்த்தாலே பயம் வரும். ஆனால், அவருக்கு ஜனங்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள். யாரை வெட்டினார், யாரைச் சாய்த்தார் என்று ஒரு பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நீரைக் காத்தவர். எதைக் காப்பாற்றினார் என்பதுதான் அவர் பலத்துக்கு அளவு. பாக்ஸிங்கிலும் முதலில் சொல்லித்தருவது குத்து இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது. அதற்குப் பெயரும் 'கார்டு'தான். காவல்!

பஞ்சிங் பேக் வாங்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். உடம்புக்கு நல்லது, வித்தைக்கும் நல்லது. அதில் யாருடைய முகத்தையும் ஒட்டாதீர்கள். மணி அடித்தால் நிறுத்துங்கள். அடித்த கை தாடைக்குத் திரும்பட்டும்.

வாங்காதவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் சுற்றிப் பாருங்கள். உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், குரலுக்கு எட்டும் தூரத்தில், திருப்பி அடிக்க முடியாதவர் யார் யார்?

அவர்களிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதுதான் நீங்கள்.